இரவுண்ணாமையும் நெஞ்செரிச்சலும்

பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் திரிகடுகம், ஏலாதி, சிறுபஞ்சமூலம் ஆகிய மூன்றும் மருந்தின் பெயரையே தம் பெயராகக் கொண்டவை. இவற்றுள் ஏலாதியை இயற்றிய கணிமேதாவியாரும், சிறுபஞ்சமூலத்தை இயற்றிய காரியாசானும் அருகன் அடி பணிந்தவர்கள். அறத்தை மருந்தாகவும், மருந்தை அறத்திற்கு உவமையாகவும் சொல்லிப் பழகிய மரபு நம்முடையது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்கும் அன்பர்கள், அதன் பத்துக் குறள்களில் பெரும்பகுதி மூலிகையைப் பற்றியதன்று, உண்ணும் அளவைப் பற்றியது என்பதைக் காண்பார்கள்.

எனினும் தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரவுண்ணாமை வயிற்று நலத்திற்காக வகுக்கப்பட்ட விரதம் அன்று. அமிர்தசந்திர ஆசாரியர் தமது புருஷார்த்த சித்தியுபாயத்தில் இரவுணவை இம்சையோடு சேர்த்தே ஆராய்கிறார். கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களின்பால் கொண்ட கருணையே அதன் வேர். உடல்நலம் அதனால் விளையும் உபரிப்பயன். அண்மைக்காலமாக நம் மேடைகளில், விஞ்ஞானம் ஒப்புக்கொண்டது என்பதற்காகவே விரதத்தைப் போற்றும் வழக்கம் மிகுந்து வருகிறது. நாளை விஞ்ஞானம் வேறு சொன்னால் விரதத்தை விட்டுவிடுவோமா? ஆகவே இங்கு நாம் எழுதப்போவது விரதத்திற்குச் சான்றிதழ் அன்று. விரதம் காப்போரும், காக்க விரும்பியும் வயிற்று உபாதையால் தயங்குவோரும் தம் உணவை எவ்வாறு அமைத்துக் கொள்ளலாம் என்பதே நம் பொருள்.

முதலில் நோயின் இயல்பு. நாம் உண்ட உணவு உணவுக்குழாய் வழியே இரைப்பைக்குள் இறங்குகிறது. அவ்விரண்டும் கூடுமிடத்தில் ஒரு தசைவளையம் உண்டு. உணவு இறங்கும்போது திறந்து, இறங்கியபின் மூடிக்கொள்ளும். இரைப்பையின் உட்சுவர் அங்குச் சுரக்கும் கடும் அமிலத்தைத் தாங்கும்படி அமைந்தது. உணவுக்குழாயின் சுவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. வளையம் தளர்ந்தாலோ, வேளையல்லாத வேளையில் திறந்தாலோ அமிலம் மேலேறுகிறது. மார்பெலும்பின் பின்னே எரிச்சல், வாய்வரை வரும் புளித்த நீர், காலையில் தொண்டைக் கரகரப்பு, விடாத வறட்டிருமல் ஆகியவை இதன் குறிகள். எதுக்களித்தல் என்று நம் வீட்டுப் பெரியோர் சொல்வது இதையேதான். என்றோ ஒருநாள் விருந்துக்குப்பின் வந்து போனால் அது நோயன்று. வாரத்தில் இரண்டு மூன்று நாள் வந்து வாட்டினால் கவனிக்க வேண்டும்.

உண்டவுடன் படுப்பவருக்கு இது மிகும். நிற்கும்போதும் அமரும்போதும் அமிலம் தன் பாரத்தாலேயே கீழே நிற்கிறது. படுத்தால் அந்தத் துணை போய்விடுகிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பதும் விழுங்குவதும் குறைவதால், மேலேறிய அமிலத்தைக் கழுவி இறக்கவும் வழியில்லை. கெட்டியான உணவு இரைப்பையை விட்டு நீங்க மூன்று, நான்கு மணி நேரம் ஆகும். நெய்யும் எண்ணெயும் மிகுந்தால் இன்னும் கூடும். அதனால்தான் உறங்குவதற்கு மூன்று மணி நேரம் முன்பாக உண்டு முடியுங்கள் என்று மருத்துவர் கூறுகிறார். தர்மபுரியில் நவம்பரில் ஆறு மணிக்குச் சற்று முன்பாகவும், ஜூலையில் ஆறே முக்காலை ஒட்டியும் கதிரவன் மறைகிறான். அதற்கு முன் உண்டவர் இரவு பத்து மணிக்குப் படுத்தால் மூன்று மணி நேரக் கெடு தானாகவே நிறைவேறிவிடுகிறது.

அப்படியானால் விரதம் காப்போருக்கு நெஞ்செரிச்சலே வரக்கூடாதே என்று கேட்கலாம். வருகிறது, அதற்குக் காரணமும் உண்டு.

தர்மபுரி, பாலக்கோடு, அரூர், பென்னாகரம் என்று கடைவீதிகளில் வணிகம் செய்யும் நம் அன்பர்களின் மாலைப்பொழுதை எண்ணிப் பாருங்கள். ஐந்தரைக்கு வீட்டிலிருந்து தூக்குவாளி வருகிறது. அந்த நேரத்தில்தான் வாடிக்கையாளர் கூட்டமும் வருகிறது. ஒரு கண் கல்லாவிலும் ஒரு கண் கதிரவன் மீதுமாகப் பத்து நிமிடத்தில் உண்டு முடிக்கிறார்கள். இனிக் காலை வரை ஒன்றுமில்லையே என்ற அச்சத்தில் இரண்டு வேளைக்கான அளவு ஒரே வேளையில் உள்ளே செல்கிறது. நிரம்பி விம்மிய இரைப்பை மேல் வளையத்தைத் தள்ளித் திறக்கிறது. அதன்பின் குனிந்து மூட்டை எடுப்பதும், இறுக்கிய இடுப்புவார் வயிற்றை அழுத்துவதும் எஞ்சியதைச் செய்துவிடுகின்றன. வேளையைக் காத்தவர் அளவைக் காக்கவில்லை.

நம் நூல்கள் இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை. புறத்தவம் ஆறனுள் உண்ணாநோன்பை அடுத்து நிற்பது அவமோதரியம், அதாவது வயிறு நிறையாமல் உண்ணுதல். ஆடவர்க்கு முப்பத்திரண்டு கவளம், மகளிர்க்கு இருபத்தெட்டுக் கவளம் நிறையுணவு என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு கவளமாகக் குறைத்துக்கொண்டு வருவதைத் தவமாகச் சொன்னார்கள். முழு நாள் உபவாசம் இருப்பவரைப் பாராட்டி மாலை சூட்டுகிறோம். நாள்தோறும் நான்கு கவளம் குறைத்து எழுபவரை யாரும் கவனிப்பதில்லை. நெஞ்செரிச்சல் உடையவருக்கோ முன்னதைவிடப் பின்னதே உதவும்.

நடைமுறையில் என்ன செய்யலாம்? நண்பகல் உணவையே நாளின் பேருணவாக வைத்துக் கொள்ளலாம். நான்கு மணியளவில் ஒரு வாழைப்பழமோ, கைப்பிடிப் பொரியோ, அவித்த பயறோ உண்டால் ஐந்தரை மணிக்கு அகோரப் பசி இராது. மாலை உணவைச் சிறிதாக, எண்ணெயின்றி, மென்று உண்ண முடியும். உண்டபின் அந்தி வேளையில் சாமாயிகத்தில் அமரும் வழக்கம் உள்ளவர்கள் பேறுபெற்றவர்கள். முதுகு நிமிர்ந்து ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம் அமர்ந்திருப்பதைவிட நல்ல இருக்கை இந்த நோய்க்கு வேறில்லை.

இனி, இந்த மாவட்டத்து உணவு. கேழ்வரகுக் களியும், சாமைச் சோறும், கொள்ளும், அவரைக்கொட்டையும் இங்கே தலைமுறைகளாக உண்ணப்படுபவை. இவற்றைப் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. 1950களிலும் 60களிலும் மைசூர் ஹோல்ட்ஸ்வொர்த் நினைவு மருத்துவமனையில் அறுவை மருத்துவராகப் பணியாற்றிய பிராங்க் டோவி என்னும் ஆங்கிலேயர், இந்தியாவில் குடற்புண் சில பகுதிகளில் மிகுந்தும் சில பகுதிகளில் குறைந்தும் காணப்படுவதை ஆராய்ந்தார். தீட்டிய அரிசியே முதன்மை உணவான இடங்களில் அது மிகுந்தும், தீட்டாத கோதுமை, சிலவகைச் சிறுதானியம், சிலவகைப் பருப்பு ஆகியவற்றை உண்ணும் இடங்களில் குறைந்தும் இருந்ததாக அவர் கண்டார். பின்னாளில் அவரும் அவரைச் சேர்ந்தோரும் செய்த விலங்குச் சோதனைகளில், கொள்ளில் உள்ள கொழுப்புப் பகுதி எலிகளின் வயிற்றைப் புண்ணிலிருந்து காத்தது தெரிய வந்தது. எலிகளை வதைத்துப் பெற்ற அறிவை நாம் பெருமையோடு எடுத்துக்காட்ட முடியாது. தெரிந்ததை மறைக்கவும் முடியாது. மேலும், குடற்புண் வேறு, எதுக்களிப்பு வேறு. முன்னதற்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் நுண்ணுயிர் பெருங்காரணம் என்று கண்டறிந்தமைக்காக ஆஸ்திரேலியரான மார்ஷலும் வாரனும் 2005இல் நோபல் பரிசு பெற்றனர். ஆகையால் கொள்ளுண்டால் நெஞ்செரிச்சல் தீரும் என்று நாம் எழுத மாட்டோம்.

களி நல்ல உணவே. ஆனால் உண்ணும் முறையில் ஓர் இடர் உண்டு. உருட்டிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்குவதே களிக்குரிய முறை. சுடச்சுட விழுங்கிய பெரிய உருண்டைகள் இரைப்பையைச் சட்டென நிரப்பிவிடுகின்றன. போதும் என்னும் உணர்வு வருவதற்குள் தேவைக்கு மேல் உண்டாகிவிடுகிறது. மாலை வேளைக்குக் களியைவிட, நன்கு குழைந்த சாமைப் பொங்கல் அல்லது பாசிப்பருப்புக் கஞ்சி எளிது. நேற்றைய களியைக் கரைத்துக் குடிக்கும் வழக்கமும் ஊரில் உண்டு. பழையது உண்ணாத நம் வீடுகளில் அதற்கு இடமில்லை.

குழம்பு அடுத்து. தர்மபுரி புளிக்கும் பாலக்கோட்டுத் தக்காளிக்கும் பெயர்பெற்ற மண். இரண்டையும் தாராளமாகச் சேர்த்து, காரம் உறைக்க, கடலை எண்ணெய் மேலே மிதக்க வைக்கும் குழம்பு நாவுக்கு விருந்து. எதுக்களிப்பு உடையவருக்குப் புளியும் தக்காளியும் ஏற்கெனவே புண்பட்ட உணவுக்குழாயை எரிக்கின்றன. எண்ணெய் உணவை இரைப்பையிலேயே தேக்கி வைக்கிறது. புளியை அறவே விலக்கச் சொல்லவில்லை. நண்பகலில் சிறிது சேர்த்து, மாலையில் தவிர்த்துப் பாருங்கள். பூசணி, சுரை, பீர்க்கு, புடலை போன்ற நீர்க்காய்களைப் பாசிப்பருப்போடு கூட்டாகச் செய்தால் மாலை உணவுக்கு அதுவே போதும். வெங்காயமும் பூண்டும் பலருக்கு எரிச்சலைத் தூண்டுபவை; கந்தமூலம் விலக்கியோருக்கு அக்கவலை இல்லை. ஆனால் வெங்காயம் இல்லாத குறையை எண்ணெயாலும் மிளகாயாலும் ஈடுசெய்யும் பழக்கம் நம் சமையலறைகளில் இருக்கிறது. வடக்கிலிருந்து வந்து இங்கே நிலைத்துவிட்ட நம் சகோதரர் வீடுகளில் பொரித்த கார வகைகளும், மாங்காய் ஊறுகாயும், புதினாச் சட்டினியும் மாலைத் தட்டில் இடம்பெறுகின்றன. புதினா குளிர்ச்சி என்று நம்புகிறோம். அது மேலே சொன்ன தசைவளையத்தைத் தளர்த்தக்கூடியது.

நெல்லிக்கனியைப் பற்றிக் கேட்போர் உண்டு. அதியமான் நெடுமான் அஞ்சி ஒளவைக்கு நெல்லிக்கனி ஈந்த தகடூர் இதுவே அன்றோ! நெல்லி சத்துள்ள கனிதான். புளிப்பும் துவர்ப்பும் சிலருக்கு ஒத்துக்கொள்ளும், சிலருக்கு எரியும். அவரவர் உடலே இதற்கு நடுவர். வெறும் வயிற்றில் மட்டும் வேண்டாம். காலையில் வெறும் வயிற்றில் குடிக்கும் காபிக்கும் இதுவே விதி.

பாட்டி வைத்தியங்களில் சீரகநீர் தீங்கற்றது; பலருக்கு இதமும் தருகிறது. சுக்கும் அளவோடு ஆகும். தேனில் குழைத்து உண்ணச் சொல்லும் எந்த மருந்தும் நமக்கு ஆகாது; வெந்நீரில் கொள்ளலாமா என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குளிர்ந்த பால் குடித்த கணத்தில் எரிச்சலை அடக்கும். சற்று நேரத்தில் அதுவே மேலும் அமிலத்தைச் சுரக்கச் செய்யும். சோடா உப்பும், ஈனோ போன்ற நுரைக்கும் பொடிகளும் சோடியம் மிகுந்தவை. இரத்த அழுத்தமோ சிறுநீரகக் கோளாறோ உடையவர்கள் தாமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கோலி சோடா குடித்து ஏப்பம் விட்டால் தீர்ந்தது என்பது வெறும் மயக்கம். ஏப்பத்தோடு அமிலமும் மேலே வருகிறது.

படுக்கையையும் சற்று மாற்ற வேண்டும். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கீழே செங்கலோ மரக்கட்டையோ வைத்து ஆறு முதல் எட்டு அங்குலம் உயர்த்தலாம். தலையணைகளை அடுக்குவது பயன் தராது. கழுத்தும் இடுப்பும் மடிந்து வயிறு மேலும் அழுந்தும். பாயில் உறங்குவோர் தலைமாடு உயர்ந்து கால்மாடு தாழ்ந்த சாய்பலகை ஒன்றைத் தச்சரிடம் செய்து கொள்ளலாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தால் இரைப்பை உணவுக்குழாயின் வாய்க்குக் கீழே அமைகிறது. வலப்பக்கம் படுத்தால் மேலே வருகிறது. செலவில்லாத மருந்து இது. உடற்பருமன் உடையோர் எடையைக் குறைப்பதும், புகையிலையை விடுவதும் இவை எல்லாவற்றினும் மேலான பலன் தரும்.

இப்போது நாம் மிகவும் கவலைகொள்ளும் செய்திக்கு வருகிறோம். சூரியன் மறைந்தபின் நீரும் பருகுவதில்லை என்று விரதம் பூண்ட முதியோர் சிலர், இரவில் உண்ண வேண்டிய மாத்திரையை நீரின்றி வெறுமனே விழுங்குகிறார்கள். விரதமும் கெடவில்லை, மருந்தும் தப்பவில்லை என்பது அவர்கள் எண்ணம். இது பெருந்தவறு. நீரின்றி விழுங்கிய மாத்திரை உணவுக்குழாயின் நடுவே ஒட்டி நின்று கரைந்து, அவ்விடத்தைப் புண்ணாக்கிவிடும். இரும்புச்சத்து, பொட்டாசியம், டாக்சிசைக்ளின், எலும்புத் தேய்வுக்குத் தரும் அலெண்ட்ரோனேட், வலி நீக்கிகள் ஆகியவை குறிப்பாகக் கொடியவை. மேலும், மாத்திரையும் வாய்வழி உட்கொள்ளப்படுவதே ஆதலால் விரதக் கணக்கிலும் இது பொருந்தவில்லை.

வழி இல்லாமலில்லை. அசனம், பானம், காத்தியம், சுவாத்தியம் என்னும் நால்வகை ஆகாரத்தையும் துறப்பது சௌவிஹாரம். நீரை மட்டும் விலக்காக வைத்து மற்ற மூன்றையும் துறப்பது திவிஹாரம். பிரத்தியாக்கியானம் கொள்ளும்போதே விலக்குகளைச் சொல்லிக் கொள்ளும் முறையை நம் ஆசாரியர்கள் வகுத்துத் தந்திருப்பது நோயாளிகளையும் மனத்தில் கொண்டுதான். முதலில் மருத்துவரிடம் சென்று, இரவு மருந்தை மாலை ஐந்தரைக்கு மாற்ற இயலுமா என்று கேளுங்கள். பெரும்பாலான மருந்துகளுக்கு இயலும். இயலாவிடில் முனிவரிடமோ பண்டிதரிடமோ முறைப்படி மருந்துக்கும் நீருக்கும் விலக்குப் பெற்று, நிமிர்ந்து அமர்ந்து, ஒரு குவளை நிறைய நீருடன் உட்கொள்ளுங்கள். நீரிழிவுக்கு இன்சுலினோ மாத்திரையோ கொள்வோர் மருத்துவரைக் கேளாமல் நீண்ட நோன்பு ஏற்கக் கூடாது. சர்க்கரை தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்து அதில் உண்டு.

இம்மாவட்டத்திற்கே உரிய இன்னொரு இடர் நிலத்தடி நீரில் உள்ள புளோரைடு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்ட நீரைப் பல்லாண்டு பருகியோருக்குப் பல் கறைபடுவதும், மூட்டும் முதுகும் இறுகுவதும் உண்டு. 2013இல் தொடங்கப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதை மனத்தில் வைத்தே வந்தது. வயிற்றுக்கும் இதற்கும் என்ன தொடர்பு? மூட்டுவலிக்காகக் கடையில் தாமே வாங்கி உண்ணும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன் போன்ற வலி மாத்திரைகள் இரைப்பையின் உட்சுவரை அரிக்கின்றன. வயிறு எரிகிறது என்று அதற்கொரு மாத்திரை, வலிக்கிறது என்று இதற்கொரு மாத்திரை என ஆண்டுக்கணக்கில் ஓடுகிறது. குடிநீரைச் சோதித்து, காவிரி நீர் வரும் குழாயிலிருந்தே குடிக்கவும் சமைக்கவும் எடுப்பது இந்தச் சுழலை வேரிலேயே தளர்த்தும். புளோரைடு கொதிக்க வைப்பதால் நீங்காது என்பதை, காய்ச்சிய நீர் பருகும் நம்மவர்கள் குறிப்பாக நினைவிற் கொள்ள வேண்டும்.

உணவால் மட்டும் தீராதவை உண்டு. விழுங்கும்போது உணவு தடைபடுதல், காரணமின்றி உடல் மெலிதல், இரத்த வாந்தி, தார்போல் கறுத்த மலம், இரத்தச்சோகை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் காலம் தாழ்த்தாமல் எண்டோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். மார்பின் அழுத்தம் இடத்தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்து, மூச்சு வாங்கினால் அதை நெஞ்செரிச்சல் என்று எண்ணி இரவைக் கழிக்கலாகாது. 108க்கு அழையுங்கள், அருகிலுள்ள மருத்துவமனையில் இ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபின் அது வயிறா இதயமா என்று விவாதிக்கலாம்.

பருவ நோன்புகளில் பலரும் இடறுவது பாரணையில்தான். எட்டு நாள், பத்து நாள் உபவாசம் முடித்தவருக்கு அன்போடு நெய்யொழுகும் இனிப்பும் பூரியும் ஊட்டுகிறோம். அன்று மாலையே அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு அமர்கிறார். பாசிப்பருப்பு வேகவைத்த நீர், பின் குழைந்த கஞ்சி, மறுநாள் மெல்லிய சோறு என்று ஏறுவதே முறை. சுவேதாம்பர அன்பர்கள் நோற்கும் ஆயம்பிலில் நெய், எண்ணெய், பால், இனிப்பு, காரம் ஏதுமின்றி வெந்த தானியத்தை ஒருவேளை உண்கிறார்கள். எதுக்களிப்பு உடையோருக்கு முழு உபவாசத்தைவிட அதுவே ஏற்றது என்பது நம் கருத்து. பாரணைக்கும் அதையே முன்மாதிரியாகக் கொள்ளலாம்.

இறுதியாக மருந்தைப் பற்றி. ஒமெபிரசோல், பான்டோபிரசோல் வகை மருந்துகள் அமிலச் சுரப்பைக் குறைப்பவை. காலை உணவுக்கு அரைமணி முன்பாகக் கொள்ள வேண்டும். கதிரவன் உதித்து 48 நிமிடம் கழித்து நவகாரசி முடிப்போர், அப்போது நீருடன் மருந்தைக் கொண்டு, அரைமணி கழித்து உண்டால் இரண்டும் நிறைவேறும். ஆண்டுக்கணக்கில் தொடர்வோருக்கு ஒரு குறை நேரலாம். இவை பி12 என்னும் வைட்டமின் உடலில் சேர்வதைக் குறைக்கின்றன. புலால் மறுத்த நமக்கு அது ஏற்கெனவே பாலிலிருந்து மட்டுமே சிறிதளவு கிடைக்கிறது. கால் மரத்தல், மறதி, ஓயாத அயர்ச்சி இருப்பின் இரத்தத்தில் அதன் அளவைப் பார்த்துக்கொள்வது நலம். பல மாதம் உண்ட மருந்தைச் சட்டென நிறுத்தினால் அமிலம் முன்னைவிடப் பெருகிச் சில வாரம் வருத்தும். மருத்துவர் சொற்படி படிப்படியாகவே விட வேண்டும்.

கேப்ஸ்யூல்களின் மேலுறை பெரும்பாலும் ஜெலட்டினால் ஆனது. ஜெலட்டின் விலங்கின் எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படுவது. ஒமெபிரசோல் பெரும்பாலும் அவ்வுறைக்குள்தான் வருகிறது. உறையைப் பிரித்து உள்ளிருக்கும் மணிகளைப் பொடித்து உண்ணலாம் என்று சிலர் சொல்கிறார்கள். பொடித்தால் மருந்து இரைப்பை அமிலத்திலேயே அழிந்து பயனற்றுப் போகும். பான்டோபிரசோல் உறையில்லாத மாத்திரையாகவே கடைகளில் எளிதில் கிடைக்கிறது. தாவர நாரிலிருந்து செய்த உறைகளும் வந்துள்ளன. சீட்டு எழுதும்போதே, கேப்ஸ்யூல் வேண்டாம், மாத்திரையாகத் தாருங்கள் என்று மருத்துவரிடம் கேட்டால் மறுக்கமாட்டார்.